பரணிலிருந்து இறங்கிய பழைய பிடில்: உடம்பையும் ஊரையும் கண்டுபிடிப்பது எப்படி?

தாத்தா வாசித்த பிடில் என்று மாம்பலத்தில் ஒரு வீட்டுப் பரணில் இருக்கும். வேப்பேரியில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனது இருக்கும். கோடம்பாக்கத்தில் ரெக்கார்டிங்குக்குப் போய்வந்தவரின் பெட்டி இப்போது பேரன் கையில் இருக்கும். சென்னையில் பழைய வயலின் கிடைப்பது பெரிய அதிசயமில்லை. கிடைத்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்விதான் வம்பு: "உள்ளே ஸ்ட்ராடிவாரியஸ்னு சீட்டு ஒட்டியிருக்கு சார், கோடிக்கணக்குல போகுமா?"

போகாது. இத்தாலியில் கிரெமோனா நகரத்து அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1737-இல் இறந்துபோனார். அவர் செய்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை ஏறக்குறைய 650 வாத்தியங்கள். அவற்றில் பெரும்பாலானவை யாரிடம் இருக்கின்றன என்பதற்குப் பதிவு உண்டு. அவர் பெயர் அச்சடித்த சீட்டோ லட்சக்கணக்கான பிடில்களுக்குள் ஒட்டியிருக்கிறது.

ஸ்ட்ராடிவாரி இல்லை என்றானதும் பிடிலைத் திரும்பப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். நூறு வருஷத்துக்கு முன் ஜெர்மனியிலோ பிரான்சிலோ பட்டறையில் செய்து கப்பலில் வந்த சாதாரணப் பிடில் ஒன்று, சரியாகப் பழுது பார்த்தால், இன்று கடையில் வாங்கும் புதுப் பிடிலைவிட நன்றாகப் பேசக்கூடும். ஆனால் பார்க்க வேண்டிய வரிசை ஒன்று இருக்கிறது: உடம்பு முதலில், ஊர் அப்புறம். ஊர் மாறினால் விலை கொஞ்சம் ஏறும், இறங்கும். பின் பலகையில் மோசமான இடத்தில் ஒரு விரிசல் இருந்தால் எந்த ஊர்ப் பிடிலானாலும் விலை படுத்துவிடும். புதிதாகப் பார்க்கிறவர்கள் சீட்டைப் படிப்பதிலேயே ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டு, விரிசலைக் கோட்டை விடுகிறார்கள்.

என்னென்ன வேண்டும்

போனில் இருக்கிற டார்ச், மில்லிமீட்டர் போட்ட ஸ்டீல் ஸ்கேல், ஒரு லென்ஸ், பல் டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடி. சர்ஜிகல் கடையில் அந்தக் கண்ணாடி கிடைக்கும். இன்னும் ஆசை இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் போனில் செருகிப் பார்க்கும் ஒல்லியான ஒயர் கேமரா வாங்கலாம். மேல் பலகையில் f எழுத்து வடிவில் வெட்டியிருக்கும் எஃப் ஹோல் வழியாக உள்ளே போகிற அளவு ஒல்லியா என்று பார்த்து வாங்குங்கள். கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கும் உதவும். இருட்டு அறையில் அதை அடித்தால், பிற்பாடு பூசிய வார்னிஷும் ஒட்டுப்போட்ட இடமும் பழைய வார்னிஷிலிருந்து வேறு நிறத்தில் தெரியும்.

வேண்டாதவை: தேங்காய் எண்ணெய், ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர், பர்னிச்சர் பாலிஷ், ஈரத் துணி. பல பிடில்களின் வார்னிஷ் ஸ்பிரிட் பட்டதும் கரையும். பளபளப்பாக்கிக் காட்டினால் நல்ல விலை வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழைய வார்னிஷைச் சுரண்டிப் புதிதாக அடித்த பிடிலுக்கு மதிப்புக் குறைவு. காய்ந்த பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

முதலில்: தந்தியை முறுக்காதீர்கள்

பெட்டியைத் திறந்ததும் கை, தந்தியை முறுக்குகிற பிர்டைக்குத்தான் போகும். போக விடாதீர்கள். மேற்கத்திய சுருதியில் நாலு தந்தியும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் இழுக்கும். நம் சங்கீதத்தில் ஆண் பாடகர்களுக்காக ஒன்று, ஒன்றரைக் கட்டையில் ஸ-ப-ஸ-ப வைக்கும்போது இழுப்பு குறையும்; ஆனாலும் கணிசம்தான். அந்தப் பாரத்தில் ஒரு பங்கு, தந்திகளைத் தூக்கி நிறுத்தும் குதிரை என்கிற மரத்துண்டு வழியாக மேல் பலகையை அமுக்குகிறது. அதை உள்ளிருந்து தாங்குவது சவுண்ட் போஸ்ட் என்கிற சின்ன மரக்குச்சி. பசை போட்டு ஒட்டியிருக்காது, இரண்டு பலகைக்கும் நடுவில் இறுக்கத்தில்தான் நிற்கும். வருஷக்கணக்காகத் தந்தி தளர்ந்து கிடந்த பிடிலில் அது சாய்ந்து விழுந்திருப்பது சகஜம்.

பிடிலை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே கடகடவென்று குச்சி உருண்டால் அதுதான். உருளவில்லை என்றால் மெல்லிய தந்திப் பக்கத்து எஃப் ஹோலில் டார்ச் அடித்துப் பாருங்கள். குதிரையின் அந்தப் பக்கத்துக் காலுக்குக் கொஞ்சம் பின்னால் நேராக நிற்க வேண்டும். விழுந்திருந்தால் தந்தியை முறுக்கவே முறுக்காதீர்கள். தாங்கல் இல்லாமல் முறுக்கினால் மேல் பலகை அமுங்கும், பிளக்கும். மறுபடி நிறுத்துவது ரிப்பேர்க்காரருக்குச் சின்ன வேலை. இடுக்கி வைத்து வீட்டில் முயன்றால் எஃப் ஹோலின் ஓரம் பிய்ந்துதான் மிச்சம்.

அடுத்தது பூச்சி. குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், முக்கியமாகப் பின் பலகையிலும் பிடிலின் தலையில் இருக்கும் சுருளிலும். ஓட்டை இருந்தால் பிடிலைக் கறுப்புக் காகிதத்தின் மேல் இரண்டு நாள் வைத்திருங்கள். காகிதத்தில் மாவு மாதிரி உதிர்ந்திருந்தால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது. அதை மற்ற வாத்தியங்களிலிருந்து பிரித்து வைத்துவிட்டு ரிப்பேர்க்காரரிடம் சொல்லுங்கள். கரப்பான் மருந்து அடிக்கிற வேலை வேண்டாம்.

பிரிந்த ஒட்டும் பிளந்த பலகையும்

இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிட்டால் பாதிப் பரீட்சை முடிந்தது.

வயலினை ஒட்டுவது வஜ்ரத்தால். நம் தச்சர்கள் முன்பு வெந்நீரில் காய்ச்சிப் பயன்படுத்திய அதே மிருகப் பசைதான். அதில் ஒரு சௌகரியம் உண்டு: ஈரமும் சூடும் பட்டால் விட்டுக்கொடுக்கும். சென்னைக் காற்றில் ஈரம் ஏறும், ஏசி அறையில் இறங்கும். பலகை விரியும், சுருங்கும். அப்போது மரம் கிழிவதற்குப் பதிலாக ஒட்டு பிரிய வேண்டும் என்றுதான் செய்தவர்கள் அந்தப் பசையைப் போட்டார்கள். ஆகவே மேல் பலகையும் பக்கப் பலகையும் சேரும் ஓரத்தில் இடைவெளி தெரிந்தால் பதற வேண்டியதில்லை. விரல் முட்டியால் ஓரத்தைச் சுற்றிலும் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒட்டியிருக்கிற இடம் கெட்டியாகக் கேட்கும், பிரிந்த இடம் ஓட்டையாக, சற்று நடுங்கிக் கேட்கும். இதெல்லாம் சுலபமாகச் சரியாகிற கோளாறு. வாசிக்கும்போது ஏதோ ஒரு ஸ்வரத்தில் மட்டும் வண்டு ரீங்கரிப்பது போல வந்தால், பெரும்பாலும் இந்தப் பிரிந்த ஓரம்தான் காரணம்.

இதை யாராவது ஃபெவிகால் போட்டு ஒட்டியிருந்தால்தான் தலைவலி. பிற்பாடு பிடிலைத் திறக்க வேண்டி வரும்போது அந்தப் பசை விடாது, மரம்தான் பிய்யும். ஓரத்தில் வெள்ளையாகவோ கண்ணாடி மாதிரியோ வழிந்து காய்ந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். எம்-சீல், அரால்டைட் தடயம் இருந்தால் விலை பேசும்போது அதைக் கணக்கில் வையுங்கள்.

விரிசல் விஷயம் வேறு. எல்லா விரிசலும் ஒன்றில்லை. எனக்குப் பயம் தருகிற வரிசையில் சொல்கிறேன்.

பின் பலகையில் சவுண்ட் போஸ்ட் முட்டுகிற இடத்தில் விரிசல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். அந்த இடத்துக்கு ஓயாமல் அழுத்தம் வந்துகொண்டே இருக்கும். சரிசெய்ய வேண்டுமானால் உள்ளே பலகையைக் குடைந்து புது மரம் பதிக்க வேண்டும். சாதாரணப் பட்டறைப் பிடிலில் அது வந்தால் பழுதுச் செலவு பிடிலின் விலையைத் தாண்டிவிடும். அடுத்தது மேல் பலகையில் அதே இடத்து விரிசல். அதற்கடுத்தது தடித்த மந்திரத் தந்திப் பக்கம், பேஸ் பார் என்கிற நீளச் சட்டம் உள்ளே ஓடுகிற கோட்டில் வரும் விரிசல். இவை மூன்றில் ஒன்று இருந்தாலும் ரிப்பேர்க்காரரிடம் எஸ்டிமேட் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எஃப் ஹோலின் இறக்கையில் வரும் சின்ன விரிசல், டெயில் பீஸ் (தந்திகளின் கீழ் முனையைப் பிடித்திருக்கும் கட்டை) நரம்பு உட்காருகிற கறுப்புக் கட்டையின் இரண்டு ஓரத்திலிருந்தும் மேலே ஏறும் விரிசல், பக்கப் பலகை விரிசல் இவையெல்லாம் பழைய பிடிலுக்குச் சகஜம். நன்றாக ஒட்டி, உள்ளே சின்னச் சின்ன மரத்துண்டுகள் குறுக்கே வைத்திருந்தால் கவலையில்லை. பல் டாக்டர் கண்ணாடியால் உள்பக்கம் பார்த்தால் அந்தத் துண்டுகள் வரிசையாகத் தெரியும். ஒழுங்காகச் சீவி வைத்த துண்டு, பழுது பார்த்தவர் கைக்காரர் என்று சொல்லும்.

வெறும் கீறலா, விரிசலா என்று சந்தேகம் வந்தால்: கீறல் வார்னிஷோடு நிற்கும், விரிசல் மரத்தின் ரேகையோடு ஓடும், அழுக்கு உள்ளே இறங்கிக் கறுத்திருக்கும், பெரும்பாலும் உள்பக்கத்திலும் தெரியும்.

கழுத்து, பிர்டை, விரல் பலகை

தந்தியின் இழுப்பில் வருஷங்கள் போகப் போகக் கழுத்து முன்னால் சாய்ந்துவிடும். விரல் பலகையின் மேல் ஸ்கேலை வைத்து, குதிரை இருக்க வேண்டிய இடம் வரை நீட்டிப் பாருங்கள். மேல் பலகையிலிருந்து ஸ்கேல் தொடும் உயரம் 27 மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் நல்லது. 23, 24 என்று இறங்கியிருந்தால் கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டியிருக்கும். இது பெரிய வேலை. சிலர் கழுத்தைத் தொடாமல் குதிரையை மட்டும் குட்டையாக்கி ஒப்பேற்றியிருப்பார்கள். சரியான குதிரை நடுவில் 33 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்; அதைவிட மிகவும் குட்டையாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பின் பலகையின் உச்சியில் அரைவட்டமாகக் கழுத்தோடு ஒட்டியிருக்கும் நாக்கையும் பாருங்கள். அங்கே உடைந்து ஒட்டியிருந்தால் கழுத்து ஒரு தடவை பிய்ந்து வந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிர்டைப் பெட்டியின் கன்னங்களில் பிர்டை ஓட்டையிலிருந்து கிளம்பும் விரிசல் உண்டா? தடித்த பிர்டையை முரட்டுத்தனமாக அமுக்கிய பிடிலில் இது இருக்கும். பிர்டை நிற்காமல் வழுக்குவது, ஓட்டை பெரிதாகிவிட்டது எல்லாம் சரிசெய்யக்கூடியவை. குதிரை, டெயில் பீஸ், பிர்டை, தந்தி எல்லாம் மாற்றுகிற சாமான்கள். அவற்றைப் பார்த்துப் பிடிலை எடை போடாதீர்கள்.

நம்மூர்ப் பிடிலுக்கு என்று சில அடையாளங்கள் உண்டு. கமகத்துக்கு விரல் வழுக்க வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் தொட்டு வாசித்தவர்களின் விரல் பலகையும் கழுத்தும் எண்ணெய் குடித்துக் கறுத்திருக்கும். தந்திக்குக் கீழே நீளப் பள்ளம் விழுந்திருக்கும். கருங்காலிப் பலகை தடிமனாக இருந்தால் ஒருமுறை இழைத்துச் சமன் செய்யலாம். கறுப்புச் சாயம் பூசிய சாதாரண மரமானால் தேய்ந்த இடத்தில் வெளுப்பாகத் தெரியும். கீழே உட்கார்ந்து சுருளை வலது காலில் ஊன்றி வாசித்த பிடிலில் சுருளின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். தாடைக்கடியில் வைத்து வாசித்ததில் டெயில் பீஸுக்கு இடப்பக்கம் வார்னிஷ் போயிருக்கும், பக்கப் பலகையில் சின் ரெஸ்ட் கவ்விய தழும்பு இருக்கும். இரண்டும் ஒரே பிடிலில் இருந்தால் அது சர்ச்சிலிருந்தோ சினிமா ஆர்கெஸ்ட்ராவிலிருந்தோ கச்சேரி மேடைக்குக் கை மாறியதாக இருக்கலாம்.

சீட்டைப் படிப்பது

இப்போது ஊர். மந்திரத் தந்திப் பக்கத்து எஃப் ஹோல் வழியாகப் பார்த்தால் பின் பலகையில் சீட்டு தெரியும். "அந்தோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ் கிரெமோனென்ஸிஸ் ஃபாசியேபாட் ஆன்னோ" என்று லத்தீனில் இருந்து, ஒரு வருஷமும் போட்டிருக்கும். கிரெமோனாவைச் சேர்ந்த ஸ்ட்ராடிவாரி இந்த ஆண்டில் செய்தது என்பது நேர் அர்த்தம். பட்டறைக்காரர்கள் அதை 'ஸ்ட்ராடிவாரி மாடல்' என்ற அர்த்தத்தில்தான் ஒட்டினார்கள். திண்டுக்கல் பிரியாணி என்று போர்டு மாட்டிய கடையெல்லாம் திண்டுக்கல்லிலா இருக்கிறது? அமாட்டி, குவார்னேரி, மஜ்ஜினி, ஸ்டைனர் என்று பேர்பெற்ற மற்றப் பழைய பிடில் செய்தவர்களின் பெயர்களுக்கும் இதே கதைதான். பின் பலகையின் உச்சியில் 'ஸ்டைனர்' என்றோ 'ஹோப்ஃப்' என்றோ சூட்டுக்கோல் முத்திரை இருந்தால் அது பெரும்பாலும் ஜெர்மன் பட்டறைச் சரக்கு.

சீட்டில் உருப்படியான தகவல் நாட்டின் பெயர்தான். வணிகக் குறிச் சட்டம் பிரிட்டனில் 1887-இலும் இங்கே 1889-இலும் வந்தது. அமெரிக்கா 1890-இல் போட்ட சட்டப்படி 1891 முதல் இறக்குமதிப் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று எழுத வேண்டும். அதனால் 'ஜெர்மனி', 'மேட் இன் ஜெர்மனி' என்று ஆங்கிலத்தில் இருந்தால் பொதுவாக அந்தக் காலத்துக்குப் பிற்பட்டது. 'செக்கோஸ்லோவாக்கியா' என்றால் 1918-க்கு முன் இருக்க வழியில்லை. அந்த நாடே அப்போதுதான் பிறந்தது. 'ஜெர்மன் டெமாக்ரடிக் ரிபப்ளிக்' என்றால் 1949-க்கும் 1990-க்கும் நடுவில். 'ஆக்குபைட் ஜப்பான்' என்றால் உலகப் போர் முடிந்து 1952 வரைக்குள். நாட்டின் பெயர் இல்லை என்பதற்காக 1887-க்கு முந்தியது என்று சொல்லிவிட முடியாது. சீட்டு உதிர்ந்திருக்கலாம், யாரோ கிழித்திருக்கலாம். 'மேட் இன் ஜெர்மனி' வரியை மட்டும் சுரண்டிவிட்டு விற்றவர்களும் உண்டு.

உள்ளே மவுண்ட் ரோடு கடை ஒன்றின் சீட்டும் இருந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அது விற்றவர் பெயர், செய்தவர் பெயர் அல்ல. இன்றைய அண்ணா சாலை மியூசி மியூசிகலின் பூர்வீகம் 1842-இல் தொடங்கிய மிஸ்கித் கம்பெனி. அத்தனை காலமாக ஐரோப்பிய வாத்தியங்கள் இந்த ஊரில் இறங்கிக்கொண்டிருக்கின்றன. கடைச் சீட்டால் பிடில் சென்னைக்கு எப்போது வந்தது என்று ஊகிக்கலாம்.

மரத்தையும் வேலையையும் படிப்பது

சீட்டை மாற்றி ஒட்டலாம். மரவேலையை மாற்றுவது கஷ்டம். அதனால் நேரத்தை இங்கே செலவழியுங்கள்.

முதலில் அளவு. பின் பலகையின் நீளம், உச்சி நாக்கைச் சேர்க்காமல், 355 மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் முழு அளவு. 335 என்றால் முக்கால் அளவு, சிறுவர்களுக்கானது; எவ்வளவு பழசானாலும் விலை குறைவு.

மேல் பலகை ஸ்ப்ரூஸ். நேர் ரேகைகள் நெருக்கமாக ஓடும். பின் பலகை மேப்பிள். குறுக்கே புலிக்கோடு மாதிரி அலைகள் இருக்கும். பிடிலை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். உண்மையான அலை நகரும். வெளிச்சமாக இருந்த கோடு இருட்டாகும், இருட்டு வெளிச்சமாகும். சாயத்தால் வரைந்த கோடு அசையாது. மலிவுச் சரக்கில் இந்த ஏமாற்று உண்டு.

விளிம்பைச் சுற்றி ஓடும் கறுப்பு-வெள்ளை-கறுப்புக் கோட்டின் பெயர் பர்ஃப்ளிங். நல்ல பிடிலில் அது பள்ளம் வெட்டிப் பதித்த மெல்லிய மரம். ஓரம் தேய்ந்த இடத்தில் லென்ஸ் வைத்தால் மூன்று அடுக்கும் மரமாகத் தெரியும். வரைந்ததானால் வார்னிஷோடு சேர்ந்து அழிந்திருக்கும்.

சுருளைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். முதுகில் ஓடும் இரட்டைப் பள்ளம் சுருளைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் உள்ளே கடைசிவரை போகிறதா, அல்லது அடியில் பாதியிலேயே நின்றுவிடுகிறதா? ஜெர்மனியின் சாக்சனிப் பட்டறைப் பிடில்களில் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். பார்ப்பவர் கண்ணுக்குப் படாத இடத்தில் உளியை மிச்சம் பிடித்தார்கள். பிரெஞ்சுச் சுருளில் பள்ளம் கடைசிவரை போகும்; ஓரத்து விளிம்பில் கறுப்புக் கோடு தீட்டியிருப்பதும் மிரெகூர் ஊர்க்காரர்களின் வழக்கம்.

கழுத்து பிர்டைப் பெட்டியோடு சேருமிடத்தில் ஒட்டுக்கோடு இருக்கிறதா? 1800-க்கு முன் செய்த பிடில்களுக்குப் பிற்காலத்தில் நீளமான கழுத்து வைக்கும்போது, பழைய சுருளை வெட்டிப் புதுக் கழுத்தில் ஒட்டினார்கள். அப்படி ஓர் ஒட்டு இருந்தால் பழமைக்குச் சாட்சி. இதைத் தெரிந்துகொண்டே பட்டறைக்காரர்கள் புதுப் பிடிலில் கத்தியால் ஒரு கோடு கீறி விட்டார்கள். கோட்டுக்கு இரண்டு பக்கமும் மரத்தின் அலை தடையில்லாமல் தொடர்ந்தால் அது வெறும் கீறல்தான்.

பிறகு உள்ளே. பிடிலின் நாலு முனைகளிலும் உள்பக்கம் முக்கோண மரக்கட்டைகள் இருக்க வேண்டும். டெயில் பீஸுக்குக் கீழே இருக்கிற பொத்தான் கழன்றிருந்தால் அந்த ஓட்டை வழியாகவும், இல்லாவிட்டால் எஃப் ஹோலில் கண்ணாடியைச் சாய்த்தும் பாருங்கள். கட்டையே இல்லையா, அல்லது கட்டை இருப்பது போல் ஒரு மெல்லிய தகடு சாய்த்து ஒட்டி மறைத்திருக்கிறதா? மேல் பலகையின் உள்பக்கம் உளித்தடம் அப்படியே சொரசொரப்பாக இருக்கிறதா? பேஸ் பார் தனியாக ஒட்டாமல் மேல் பலகையிலிருந்தே செதுக்கி விட்டிருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் சாக்சனி அல்லது அதை ஒட்டிய பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) மலிவுச் சரக்கு என்று தைரியமாகச் சொல்லலாம்.

திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டில் பார்த்த பிடிலில் இவை எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. சீட்டில் ஸ்ட்ராடிவாரி, 1713. ஓரமெல்லாம் அடர்பழுப்பு, நடுவில் மஞ்சள் என்று பழசு போலக் காட்டும் வார்னிஷ். சுருளின் பள்ளம் அடியிலேயே நின்றுவிட்டது; கழுத்து ஒட்டுக்கோட்டைத் தாண்டி அலை ஓடியது; உள்ளே முனைக்கட்டை இல்லை. சரஸ்வதி பூஜைக்குப் பூஜை வைத்த சந்தனமும் குங்குமமும் சுருளின் குழியில் அடுக்கடுக்காகக் காய்ந்திருந்தன. ஆனால் ஒரு விரிசல் கிடையாது, கழுத்து நேர், விரல் பலகை அசல் கருங்காலி. வீட்டுக்காரருக்கு ஊரைச் சொன்னபோது முகம் வாடியது. எனக்கு அது வாங்கத் தகுந்த பிடில். (குங்குமத்தைச் சுரண்ட வேண்டாம் என்று சொன்னேன். நகம் பட்டால் வார்னிஷும் சேர்ந்து வரும்.)

ஊர் ஊராக

சென்னையில் கையில் கிடைக்கும் பழைய பிடில்களில் நான் அதிகம் பார்ப்பது சாக்சனியின் மார்க்நாய்கிர்ஷனும் எல்லைக்கு அந்தப் பக்கம் பொஹீமியாவின் ஷோன்பாக்கும் அனுப்பியவை. ஷோன்பாக் இன்று செக் நாட்டில் லூபி என்ற பெயரில் இருக்கிறது. அங்கே ஒரு குடும்பம் சுருள் மட்டும் செதுக்கும், இன்னொன்று பலகை, மற்றொன்று வில். வியாபாரி எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்து வார்னிஷ் அடித்து ஏற்றுமதி செய்வார். அதனால் 'செய்தவர் யார்' என்ற கேள்விக்கே இவற்றில் பதில் கிடையாது. இதே ஊர்களில் முனைக்கட்டை, பதித்த பர்ஃப்ளிங் எல்லாம் வைத்து ஒழுங்காகச் செய்த உயர்ந்த தரமும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

பிரான்சில் மிரெகூர். ஜெரோம் திபுவில்-லாமி கம்பெனி அங்கே தொழிற்சாலை அளவில் செய்தது. அவர்களின் 'மெடியோ ஃபினோ' சீட்டு ஒட்டிய மலிவு ரகத்தில் பர்ஃப்ளிங் வரைந்ததாக இருக்கும். அச்சு வைத்துச் செய்ததால் பிரெஞ்சுப் பிடிலின் வடிவம் பிசிறில்லாமல் இருக்கும், முனைக்கட்டையும் இருக்கும். பவேரியாவின் மிட்டன்வால்டுப் பிடில்கள் பலவற்றில் கீழ்ப் பக்கப் பலகை நடுவில் ஒட்டு இல்லாமல் ஒரே துண்டாக வளைந்திருக்கும்.

ஜப்பான் என்றால் பெரும்பாலும் நகோயாவின் சுசுகி. சீட்டு தெளிவாக இருக்கும். சீனப் பிடில்களில் 'ஸ்கைலார்க்' அதிகம் தென்படும். இந்தியாவில் கல்கத்தாவிலும் உத்தரப் பிரதேசத்து ராம்பூரிலும் செய்தவை நிறையப் புழங்குகின்றன. அவற்றுக்குப் பழைய ஜெர்மன் சீட்டு ஒட்டி விற்பதும் நடக்கும். மரம் மேப்பிள்தானா, வார்னிஷ் தடித்த பாலிஷா என்று பார்த்தால் பிடிபட்டுவிடும்.

வில்

பெட்டியில் வில்லும் இருக்கும், அதை யாரும் கவனிப்பதில்லை. மயிரை லேசாக முறுக்கி, முனையிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேராகப் பாருங்கள். பக்கவாட்டில் கோணல் இருக்கக்கூடாது. முனைத்தலையில் விரிசல் இருந்தால் வில்லுக்கு ஆயுசு குறைவு. நல்ல வில் 60 கிராம் பக்கம் இருக்கும். மயிர் கொத்தாக உதிர்ந்திருந்தால் பெட்டிக்குள் மயிர் தின்னும் பூச்சி இருக்கிறது. பெட்டியை வெயிலில் திறந்து வைத்து, வாக்யூம் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். வெயில் பெட்டிக்கு மட்டும், பிடிலுக்கு அல்ல. மரத்தில் பேர்பெற்ற பிரெஞ்சு வில் செய்தவரான 'டூர்ட்' பெயர் முத்திரை இருந்தால் அதுவும் ஸ்ட்ராடிவாரிச் சீட்டு மாதிரிதான்.

முனையில் வெள்ளைத் தகடு தந்தமா, எலும்பா, பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். சுவாதித் திருநாள் வடிவேலுவுக்குத் தந்தப் பிடில் கொடுத்த காலம் வேறு. இன்று வனவிலங்குச் சட்டப்படி தந்தத்தை வாங்க விற்க முடியாது.

யாரிடம் காட்டுவது

இரண்டு பேரிடம், தனித்தனியாக. வாசிக்கிற வித்வானிடம் நாதத்துக்கு. ரிப்பேர் பார்ப்பவரிடம் உடம்புக்கு. ஒருவர் வேலையை இன்னொருவரிடம் கேட்காதீர்கள். அருமையாக வாசிப்பவர் உள்ளே இருக்கிற விரிசலைக் கவனிக்காமல் விடலாம். ரிப்பேர் பார்ப்பவரே வாங்கவும் முன்வந்தால், விலையை அவரே சொல்ல விடாமல் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

நேரில் போகுமுன் போட்டோ அனுப்பினால் இருவருக்கும் நேரம் மிச்சம். முன், பின், இரண்டு பக்கம், சுருள் நாலு கோணத்தில், சீட்டு, எஃப் ஹோல் வழியாக உள்ளே, விரிசல் இருந்தால் கிட்டத்தில். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேராகப் பிடித்து எடுங்கள். சாய்த்து எடுத்த படத்தில் வடிவம் தெரியாது.

உண்மையிலேயே உயர்ந்த சரக்கு என்று விஷயம் தெரிந்த இருவர் சொன்னால் மட்டும் வெளிநாட்டு நிபுணரின் சான்றிதழ், மேல் பலகையின் ரேகைகளை எண்ணி மரத்தின் வயதைக் கணிக்கும் சோதனை இதற்கெல்லாம் செலவு செய்யுங்கள். அந்தச் சோதனையும் கடைசி ரேகை எந்த ஆண்டில் வளர்ந்தது என்றுதான் சொல்லும். பிடில் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது, அவ்வளவுதான். அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைக்குக் கொடுத்தனுப்புவதாக இருந்தால் இன்னொன்று: நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருள்களை வெளிநாடு கொண்டுபோவதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. ஏர்போர்ட்டில் விவாதம் பண்ணுவதற்குப் பதிலாக முன்கூட்டியே இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிப்பேர்க்காரரிடம் போகும்வரை தந்திகளை லேசாகத் தளர்த்தி வையுங்கள். நாலையும் ஒரேயடியாகக் கழற்றினால் நின்றுகொண்டிருக்கும் சவுண்ட் போஸ்டும் விழுந்துவிடும். சமையலறைக்கு மேல் இருக்கிற பரண் வேண்டாம், ஏசி காற்று நேராக அடிக்கிற இடமும் வேண்டாம். எடுத்துப்போகும் நாளில், சித்திரை வெயிலில் காருக்குள் பிடிலை விட்டுவிட்டுக் காபி குடிக்க இறங்காதீர்கள். பெட்டியையும் கையோடு ஹோட்டலுக்குள் தூக்கிக்கொண்டு போங்கள்.